வலது மேல்மூலை: நிலவுப் பயணப் புகைப்படங்களை வாசிப்பது பற்றி

இந்தக் கட்டுரை ஒரு சுவரொட்டித் தகராறில் ஆரம்பித்தது. கடலோர நிலங்கள் கைமாறிக்கொண்டிருப்பதை எதிர்த்து நண்பர்கள் கடலூரில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். சுவரொட்டிக்குப் படம் தேவை. ஆளுக்கொரு படத்தைச் சொல்லி ஒன்றும் சரிப்படாமல், கடைசியில் ஒரு தோழர் அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட முழு பூமியின் படம். பாடப்புத்தகம், காலண்டர், சுற்றுச்சூழல் தினத் துண்டறிக்கை என்று நாமெல்லாம் பார்த்துப் பார்த்தே தேய்த்துவிட்ட படம்.

"இதுல ஆளே இல்லையே தோழர்" என்றேன்.

"அதுதானே விஷயம். எல்லைக்கோடு இல்ல, தேசம் இல்ல, சாதி இல்ல. ஒரே பூமி."

"ஆளே தெரியாத தூரத்துல நின்னு பார்த்தா சாதி எப்படித் தெரியும்?"

அவர் கோபித்துக்கொண்டார். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் என் கேள்வி கெட்டிக்காரத்தனமாக இருந்ததே தவிர நியாயமானதா என்கிற சந்தேகம் வந்தது. ஒரு படத்தைச் சரியாகப் பார்க்காமலேயே அதை அம்பலப்படுத்திவிட்டதாக நம்பும் வழக்கம் விமர்சகர்களாகிய நம்மிடம் தாராளமாக இருக்கிறது. 'மேலிருந்து பார்ப்பவனின் பார்வை', 'அதிகாரத்தின் கண்' என்று இரண்டு வார்த்தைகளைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே உட்கார்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். பிரபலமான பத்துப் படங்களோடு நிறுத்தவில்லை. 2015இல் 8,400க்கும் மேற்பட்ட அப்பல்லோ படங்கள் பொதுப்பார்வைக்கு வந்தன. அவற்றில் முடிந்தவரை பார்த்தேன். வெயில் அடித்து வெளுத்தவை, குவியம் தப்பியவை, யாருடைய முழங்காலோ மட்டும் விழுந்தவை எல்லாம் அதில் அடக்கம்.

(நிலவு என்றதும் வடை சுடும் பாட்டியிலிருந்து தொடங்குவது தமிழ்க் கட்டுரைகளின் சம்பிரதாயம். பாட்டியை இந்த ஒருமுறை விட்டுவிடலாம். வேறொரு பாட்டி பின்னால் வருவார்.)

முதலில் கருவி. 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பியபோது அவர் கையிலிருந்தது மருந்துக்கடையில் வாங்கிய சாதாரண கேமரா. அதே ஆண்டு வால்டர் ஷீரா ஹூஸ்டனில் கடையில் கிடைத்த ஸ்வீடன் நாட்டு ஹாஸல்பிளாட் ஒன்றைக் கொண்டுபோனார். படம் எடுப்பது அந்தத் திட்டத்தில் முதலில் ஒரு உப வேலைதான். 1969இல் அப்பல்லோ 11 போனபோது நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. நிலவின் தரையில் பயன்படுத்திய ஹாஸல்பிளாட் அதற்கென்றே செய்யப்பட்டது: வெள்ளி நிற உடல், ஸெய்ஸ் லென்ஸ், 70 மில்லிமீட்டர் ஃபிலிம். நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும்; கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் கிடையாது. உடம்பைத் திருப்பினால் கேமரா திரும்பும். அதாவது நாம் 'பார்வை' என்று கோட்பாடு பேசுகிற அந்தப் படங்களில் பெரும்பகுதி, எடுத்தவர் சட்டகத்தைப் பார்க்காமல் எடுத்தவை. நெஞ்சு பார்த்த படங்கள் எனலாம்.

படங்களின்மேல் சின்னச்சின்னக் கூட்டல் குறிகள் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபிலிமுக்கு முன்னால் பொருத்திய கண்ணாடித் தகட்டில் வரிசைக்கு 5 வீதம் 25 குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. தூரத்தையும் உயரத்தையும் கணக்கிடுவதற்கான அளவைக் குறிகள் அவை. 'நிலவின் பேரழகு' என்று நாம் மயங்குகிற காட்சிகள் முதலில் சர்வே ஆவணங்கள் என்பதை அந்தக் குறிகள் மறைக்கவில்லை. அமெரிக்காவுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. உள்நாட்டுப் போரில் செத்துக்கிடந்த சிப்பாய்களைப் படமெடுத்த டிமோத்தி ஓ'சல்லிவன், போர் முடிந்தபின் 1867இல் கிளாரன்ஸ் கிங்கின் அரசாங்க சர்வேயில் சேர்ந்து மேற்குப் பாலைகளைப் படமெடுக்கப் போனார். அற்புதமான படங்கள். பெரும்பாலானவற்றில் நிலம் ஆளற்றுக் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள் என்று சொல்வதுபோல. அந்த நிலத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்பது படத்துக்கு வெளியே உள்ள விஷயம். நிலவில் உண்மையாகவே யாரும் இல்லை. அதனால் இங்கே அந்தக் குற்றம் இல்லை என்று வாதிடலாம், வாதம் சரியும்கூட. ஆனால் ஆளற்ற நிலத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்கிற பழக்கம் எங்கே கற்றுக்கொள்ளப்பட்டது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்துப்போன படங்கள் இந்த சர்வே படங்கள்தாம். ஒரு கல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு படம், பக்கத்தில் நிழலின் கோணத்தை அளக்க ஒரு சின்ன முக்காலி. எடுத்தபிறகு அதே இடத்தில் இன்னொரு படம். கல் இருந்த பள்ளம். அவ்வளவுதான். 'இதை எடுத்துக்கொண்டேன், இதோ எடுத்த இடம்' என்று ஒத்துக்கொள்கிற படம். பூமியில் அகழ்ந்தெடுத்த எத்தனை பேர் இப்படி முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

இனி எல்லோரும் அறிந்த அந்தப் படம். நிலவில் ஒரு மனிதன் நம்மைப் பார்த்து நிற்கிறான். முகம் தெரியவில்லை, தங்கப் பூச்சுப் பூசிய முகமூடிக் கண்ணாடியில் எதிரே உள்ளதெல்லாம் பிரதிபலிக்கிறது. 'நிலவில் முதல் மனிதன்' என்ற தலைப்போடு இதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். நிற்பவர் எட்வின் ஆல்ட்ரின், இரண்டாவதாக இறங்கியவர். முதலில் இறங்கிய நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் கண்ணாடிக்குள் நகத்தளவு வெள்ளைப் புள்ளியாக இருக்கிறார். அன்று நிலவின் தரையில் பெரும்பாலான நேரம் கேமரா அவர் நெஞ்சில்தான் மாட்டியிருந்தது. அதனால் முதல் மனிதனை நிலவில் முழுதாகக் காட்டும் நல்ல ஸ்டில் புகைப்படம் கிடையாது. ஆல்ட்ரின் சுற்றிலும் எடுத்த தொடர்படங்களில் ஒன்றில், கலத்தருகே முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருக்கிறார். பிரசித்தி பெற்ற காலடித்தடப் படமும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் அடி இல்லை. மண்ணின் தன்மையைச் சோதிப்பதற்காக ஆல்ட்ரின் தன் பூட்ஸைப் பதித்துத் தானே எடுத்துக்கொண்ட படம் அது.

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று 1967இல் பார்த் எழுதினார். இங்கே ஆசிரியன் சாகவில்லை, தன் பிரதிக்குள்ளேயே சிறுத்துப்போய் நிற்கிறான். வெலாஸ்கெஸின் 1656ஆம் வருஷத்து ஓவியத்தில் பின்சுவர்க் கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரியும் ராஜா ராணியை வைத்து ஃபூக்கோ செய்த வாசிப்பு நமக்கெல்லாம் பாடம். அந்தப் பாடத்தை இங்கே ஒப்பிக்கலாம், அழகாகப் பொருந்தவும் செய்யும். ஆனால் அழகாகப் பொருந்துகிற கோட்பாட்டின்மேல் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அது பொருந்தியவுடன் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல் பார்த்தால் என்ன தெரிகிறது? ராஜா இல்லை, முகம் இல்லை. தெரிவது உடை. அடுக்கடுக்கான துணி, மடிப்பு, தையல். அந்த உடைகளை டெலவேர் மாநிலத்தில் டோவர் என்கிற ஊரில், உள்ளாடை வியாபாரத்தில் பெயரெடுத்த பிளேடெக்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவில், பெண்கள் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தார்கள். ஒரு தையல் தவறினால் உள்ளே இருப்பவன் செத்துப்போவான். மனிதகுலத்தின் உருவப்படம் என்று கொண்டாடப்படும் அதில் மிகத் தெளிவாக, குவியம் பிசகாமல் பதிவாகியிருப்பது பெயர் சொல்லப்படாத அந்தப் பெண்களின் வேலைதான். அங்கே போனவனின் முகம் விழவில்லை. போகாதவர்களின் கை விழுந்திருக்கிறது.

இன்னொரு சில்லறைத் தகவல், ஆனால் எனக்கு முக்கியமானது. மூலப் படத்தில் ஆல்ட்ரினின் தலைக்குமேல் இடமே இல்லை. முதுகுப்பையின் ஆன்டெனா வெட்டுப்பட்டிருக்கிறது. நாசா வெளியிட்டபோது மேலே கறுப்பு வானத்தைக் கொஞ்சம் ஒட்டிச் சேர்த்துவிட்டார்கள். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்ல மாட்டேன். (நிலவுக்கே போகவில்லை, ஸ்டுடியோவில் எடுத்தது, வானத்தில் நட்சத்திரம் காணோம் என்பவர்களோடு எனக்குச் சண்டைபோட நேரமில்லை. சுள்ளென்ற வெயிலில் வெள்ளை உடைக்கு ஏற்ப ஒளியளவு வைத்தால் நட்சத்திரம் ஃபிலிமில் விழாது, அவ்வளவுதான் சமாசாரம்.) எதைச் சேர்த்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். வெறுமையைச் சேர்த்திருக்கிறார்கள். மனிதன் கம்பீரமாகத் தெரிய அவன் தலைக்குமேல் கொஞ்சம் ஒன்றுமில்லாமை தேவைப்பட்டிருக்கிறது.

திருத்தம் என்பது ஒரு படத்தோடு நிற்கவில்லை. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 நிலவைச் சுற்றிவந்தபோது வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த 'பூமி உதயம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சாம்பல் நிலவு, மேலே நீலமாய் பூமி எழுகிறது. அவர்கள் எடுக்கப்போனது நிலவின் தரையை. பூமியை எடுப்பது அட்டவணையிலேயே இல்லை; தளபதி போர்மன் அதைச் சொல்லிக் கேலி செய்வது ஒலிப்பதிவில் இருக்கிறது. கலர் ஃபிலிமைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நடக்கிற பரபரப்பும் அதில் கேட்கிறது. படத்தை யார் எடுத்தது என்பதிலும் ரொம்ப காலம் குழப்பம். ஆண்டர்ஸ் எடுத்த கோணத்தில் நிலவு வலது பக்கம் செங்குத்துச் சுவராக நிற்கிறது, பூமி அதன் இடது பக்கம் மிதக்கிறது. பத்திரிகைகள் அதைத் தொண்ணூறு பாகை திருப்பின. சுவர் தரையானது, மிதந்தது உதயமானது. 'உதயம்' என்கிற உருவகமே அச்சகத்தில் பிறந்தது என்று சொல்லும் அளவுக்குத் துணியலாமா? முழுக்கச் சொல்ல முடியாது. பூமி மேலே வருவதாகத்தான் அவர்களே ஒலிப்பதிவில் கத்துகிறார்கள். ஆனால் நாம் பழகிய சூரியோதயக் காட்சியாக அதை மாற்றியது அந்தத் திருப்பல்தான்.

மேலிருந்து பூமியைப் பார்ப்பது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. 1966 ஆகஸ்டில் ஆளில்லாத லூனார் ஆர்பிட்டர் அனுப்பிய பூமிப் படத்தைப் பார்த்து ஹைடெகர் பயந்துபோனதாக ஒரு நேர்காணலில் சொன்னார். அவர் இறந்தபிறகு 1976இல் அது வெளிவந்தது. மனிதனை மண்ணிலிருந்து பிடுங்கும் வேலை முடிந்துவிட்டது என்பது அவர் பயம். அதே 1966இல் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிராண்ட், முழு பூமியின் படத்தை இன்னும் ஏன் நமக்குக் காட்டவில்லை என்று கேட்டு பேட்ஜ் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பிடுங்கல், ஒருவருக்கு விடுதலை. ஹைடெகரின் 'மண்' எந்த அரசியலோடு படுத்து எழுந்தது என்பது நமக்குத் தெரியும் என்பதால் அவர் பக்கம் சாய எனக்கு விருப்பமில்லை. பிராண்டின் பக்கமும் தயக்கம்தான். புவியியலாளர் டெனிஸ் காஸ்குரோவ் 1994இல் எழுதிய கட்டுரை, இந்தப் படங்களிலிருந்து இரண்டு வாசிப்புகள் கிளைத்ததைக் காட்டுகிறது. 'ஒரே உலகம்' என்பது ஒன்று, விமானக் கம்பெனியும் வங்கியும் கையிலெடுத்தது. 'முழு பூமி' என்பது இன்னொன்று, சூழலியல்காரர்கள் கையிலெடுத்தது. படம் இரண்டு பேருக்கும் ஒத்துழைத்தது. நம் தோழரும் ஒரு பன்னாட்டு வங்கியும் ஒரே படத்தைச் சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுப்பது தற்செயல் இல்லை.

சட்டகத்துக்கு வெளியே ஒரு கழுதை வண்டியும் நிற்கிறது. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், 1969 ஜூலை 15 அன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் சகாவான ரால்ஃப் ஆபர்நதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியையும் கூட்டிக்கொண்டு கேப் கென்னடியின் வாசலுக்கே வந்து நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து பேசினார். அந்தச் சந்திப்பின் புகைப்படங்கள் இருக்கின்றன. எந்த விண்வெளி வீரரும் எடுத்தவை இல்லை, ஆகையால் எந்த 'நிலவுப் புகைப்படங்கள்' தொகுப்பிலும் அவற்றை நான் பார்த்ததில்லை.

இப்போது தோழர் மேசைமேல் வைத்த படத்துக்கு வரலாம். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரை நம்மவர்கள் 'நீலப் பளிங்கு' என்று கவித்துவமாக மொழிபெயர்க்கிறார்கள். தப்பு. அது கோலிக்குண்டு. பையன்கள் விரலால் சுண்டுகிற கோலிக்குண்டு. புறப்பட்ட சுமார் ஐந்து மணி நேரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, பூமி முழு வெளிச்சத்தில் தெரிந்தபோது எடுத்த படம். செர்னன், எவன்ஸ், ஷ்மிட் மூவரில் யார் எடுத்தது என்பதில் தகராறு. நாசா மூன்று பேர் பெயரையும் போட்டுவிட்டது. ஃபிலிமில் தென்துருவம் மேலே இருக்கிறது. அண்டார்க்டிகாவின் வெள்ளை உச்சியில், ஆப்பிரிக்கா தலைகீழாக. எடையற்ற இடத்தில் மேல் ஏது கீழ் ஏது? வெளியிடும்போது வடக்கை மேலே கொண்டுவந்து 'சரி' செய்தார்கள். சில நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வரைபடம் பழக்கிய பழக்கம், பூமியை முதன்முறையாக மனிதன் முழுசாகப் படமெடுத்த பிறகும் விடவில்லை. வடக்குதான் மேல்.

இதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியாகிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு. பிரசுரமான படத்தின் வலது மேல்மூலையில், விளிம்பை ஒட்டி, ஒரு மேகச்சுழி இருக்கிறது. அது என்ன என்று தேடிப்போனால், அந்த வாரம் தமிழ்நாட்டைத் தாக்கிய புயல். 1972 டிசம்பர் 5ஆம் தேதி இரவு வாக்கில் கடலூர்ப் பக்கம் கரையேறிய அதே புயலின் மிச்சம். 80 பேர் செத்ததாகவும், சென்னையில் மட்டும் வெள்ளத்தில் 30,000 பேர் வீடிழந்ததாகவும் பதிவு.

எழுபத்திரண்டு புயலைப் பற்றி எங்கள் ஆயா சொல்லாத வருஷம் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாமே புயலுக்கு முன், புயலுக்குப் பின் என்றுதான் கணக்கு. என் அப்பா அப்போது கைக்குழந்தை. கூரை போனது, நெல்லுக் குதிர் கரைந்தது, இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் கிடந்தது, அங்கேயும் தெருவாரியாகப் பிரித்து உட்காரவைத்தது. கடைசியில் சொன்னதைக் கவனிக்கவும். அந்தப் படத்தில் சாதி தெரியவில்லை என்று தோழர் சொன்னது சரி. அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே வாரத்தில், அதன் மேல்மூலையில், மழைக்கு ஒதுங்கிய மண்டபத்துக்குள் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நம்ம ஊரு எங்கடா?"

"ஊரு தெரியாது ஆயா. இந்த ஓரத்துல சுழிச்சிக்கிட்டு நிக்குதே, அது அந்தப் புயலு."

"அப்ப எங்கள எடுக்கலயா?"

"இல்ல ஆயா."

"காத்தைத்தான் எடுத்திருக்கான்" என்றார். பிறகு, "இம்மாந்தூண்டா இருந்துச்சு அது?" என்று கேட்டுவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பார்த் 1980இல் எழுதிய புத்தகத்தில், ஒரு படத்தில் பார்வையாளனை மட்டும் குத்துகிற ஒரு புள்ளியைப் பற்றிப் பேசுகிறார். படம் எடுத்தவர் திட்டமிடாதது, ஒருவருக்குக் குத்தும், இன்னொருவருக்குக் குத்தாது. எனக்கு அந்த மேல்மூலை. ஆனால் இது என் தனிப்பட்ட குத்தல் மட்டும்தானா என்று யோசிக்கிறேன். 'ஆளே இல்லை' என்று நான் சொன்னதும் தவறு, 'ஒரே பூமி' என்று தோழர் சொன்னதும் தவறு. ஆட்கள் இருக்கிறார்கள், மேகத்துக்கு அடியில். அந்தப் படத்தின் அழகுக்குக் காரணமான வெள்ளைச் சுழிகளில் ஒன்று, கீழே இருந்தவர்களுக்குக் கூரை போன ராத்திரி. தூரம் பொய் சொல்லவில்லை. தூரம் ஒரு துயரத்தை வடிவமாக மாற்றுகிறது. அதைப் பார்த்துப் பரவசப்படுவது குற்றமா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் ஆயாவைக் கேட்டபிறகும் அந்தப் படம் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பழைய பிரின்ட்டுகளின் சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாசாவின் படங்களுக்குக் காப்புரிமை இல்லை. யாரும் எடுத்து அச்சிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் கோடக் தாளில் போட்ட பிரின்ட்டுகள், ஓரத்தில் சிவப்பு எண்ணோடு, இப்போது ஏலத்துக்கு வருகின்றன. 2020இல் கிறிஸ்டி ஏல நிறுவனம் ஒரே சேகரிப்பிலிருந்து சுமார் 2,400 படங்களை விற்பனைக்கு வைத்தது. இயந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் உதிர்ந்துவிடும் என்றார் பெஞ்சமின். இங்கே உருவம் இலவசம், தாள் விலைக்கு. பிரதிகளுக்குள்ளேயே ஒரு 'மூலப்பிரதி' உற்பத்தி செய்யப்பட்டு அதற்கு ஒளிவட்டம் மாட்டப்படுகிறது. அதுவும், அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்கு உதவாது என்று கழித்துக்கட்டிய படங்களுக்கு இப்போது தனி மவுசு. அசல் ஃபிலிமோ ஹூஸ்டனில் குளிர்பெட்டகத்தில் இருக்கிறது. அப்பல்லோ 11 திரும்பியபோது அந்த ஃபிலிம் பெட்டியைத் திறந்த ஒரு ஊழியரின் வெறுங்கையில் நிலவுத் தூசி ஒட்டிக்கொண்டது; அவரையும் வீரர்களோடு சேர்த்துத் தனிமைப்படுத்திவிட்டார்கள். எந்த ஏலப் பட்டியலைவிடவும் எனக்கு அந்தக் கறுத்த கைமேல்தான் மரியாதை.

கடைசியாக ஒரு படம். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16இல் போன சார்லஸ் டியூக், தன் குடும்பப் புகைப்படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலவின் மண்ணில் வைத்துவிட்டு, அதைப் படமெடுத்துக்கொண்டு வந்தார். தானும் மனைவியும் இரண்டு பையன்களும். நம் வீடுகளில் சுவரில் மாட்டுகிற மாதிரியான படம். அங்கே அடிக்கிற வெயிலில் அது எப்போதோ வெளுத்து வெறும் தாளாகியிருக்கும். எத்தனையோ ஆயிரம் படங்களில் நிலவின் தரையில் முகத்தோடு மனிதர்கள் தெரிகிற படங்கள் மிகமிகக் குறைவு. இதில் நான்கு முகங்கள்.

சுவரொட்டிக் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். தோழர் கோபம் தணிந்து கேட்டார். படத்தையே போடுவோம், ஆனால் ஃபிலிமில் இருந்தபடி, தெற்கு மேலே இருக்க, புயல் இடது கீழ்மூலைக்கு வர, அதற்கு நேர்கீழே '1972 டிசம்பர், கடலூர்' என்ற எழுத்து வருகிற மாதிரி போடுவோம் என்று முடிவானது. எழுத்துக் கோத்து, படம் ஒட்டி, நானே அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கட்டு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் ஆப்பிரிக்கா நேராக நிற்கிறது, புயல் வலது மேல்மூலையில். எழுத்துக்கு மேலே வெறும் கடல். அச்சகத்துக்குப் போன் பண்ணினேன்.

"படம் தலகீழா வந்திருந்துச்சு சார்" என்றார். "நீங்க அவசரத்துல கவனிக்கல போல. நாந்தான் நேராக்கிப் போட்டேன்."

ஐந்நூறு பிரதி அடித்தாகிவிட்டது.